பெரியம்மாவுக்கு ஒரு வீல்சேர்

விமானக் கம்பெனிகளின் கணக்கில் வீல்சேர் கேட்கிறவர்கள் மூன்று வகை. படி ஏறுவார், இறங்குவார், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்றால் டிக்கெட்டில் அவர் பெயரோடு ஒரு குறியீட்டு எழுத்து. படியே ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் விட்டால் மெல்லத் தன் இருக்கைக்குப் போய்விடுவார் என்றால் இன்னொரு எழுத்து. அதுவும் முடியாது, இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்றால் மூன்றாவது எழுத்து. நான் இப்போது பெங்களூரு விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றையும் ஒப்பிப்பேன். ஆனால் எந்தப் புத்தகத்திலும் எழுதாத நாலாவது வகை ஒன்று உண்டு, நம் பக்கத்தில் அதுதான் அதிகம். மகளோ மகனோ வெளிநாட்டில் இருப்பார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கால்கள் இரண்டும் நன்றாக இருக்கும். அவர்களுக்கும் வீல்சேர்தான்.

என்னோடு வேலை பார்க்கும் புதுப் பிள்ளைகளுக்கு இதைக் கண்டால் எரிச்சலாக வரும். வீல்சேரில் வந்த அம்மாள் பாதி வழியில் எழுந்து, கொசுவத்தைச் சரி செய்துகொண்டு, பாத்ரூமுக்கு விடுவிடுவென்று நடந்து போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஜம்மென்று உட்காருவார். "மேடம், இவங்க கால் நல்லாத்தானே இருக்கு" என்று என்னிடம் வந்து கோள் சொல்வார்கள். விடுங்கப்பா, பேசாமல் தள்ளிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவேன். யாருக்கு அந்த நாற்காலி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் வீடு மைசூரில், தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே மாமாவின் பிரவுசிங் சென்டர், மேலே நாங்கள். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், அப்புறம் அம்மாவின் அக்காவான பெரியம்மா. பெரியப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருக்கும்போதே போய்விட்டதால் பெரியம்மாவுக்கு ஒர்க்‌ஷாப் கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். அண்டா அண்டாவாகச் சாம்பார் கிளறி, நாள் முழுக்க நின்று நின்றே தன் ஒரே மகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்து, அமெரிக்காவுக்கும் அனுப்பிவைத்தவர். ரிடையர் ஆன பிறகும் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. சாப்பிடுவதுகூட அடுப்பு மேடையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடிதான். மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு, ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போவார். நான் பின்னாலேயே ஓட வேண்டும்.

அந்த மகள் முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம். மருமகன் நல்ல மாதிரி. எதற்கும் இருக்கட்டும் என்று தன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் சேர்த்தே முன்கூட்டி விசா வாங்கி வைத்திருந்தார். தலைப்பிரசவம் பெண்ணின் அம்மா பார்க்க வேண்டியது என்பதால் டிக்கெட் பெரியம்மாவுக்குப் போட்டார்கள். மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டை மாமா கீழே பிரிண்ட் எடுத்து, சூடாக மேலே கொண்டுவந்து, சத்தமாகப் படித்தார். பெயர், ஊர், நடுவில் விமானம் மாறும் ஊர், சைவச் சாப்பாடு. கடைசியில் வீல்சேர்.

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு எதுக்குடா அது? எனக்குக் காலு போயிடுச்சுன்னு அவகிட்ட யார் சொன்னா?"

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. ஒரே ஒரு முறை டெல்லிக்கு விமானத்தில் போய்விட்டு ரயிலில் திரும்பி வந்தவர். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு எங்கள் சந்தில் அவரைவிட விமானம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று ஆக்கிவைத்திருந்தார். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பெரியம்மாவைக் கையமர்த்திவிட்டு விளக்கினார்.

"வீல்சேர்ன்னா காலுக்கு இல்லக்கா, வழிக்கு. நடுவுல எறங்கி வேற ஃப்ளைட் மாறணும். அங்க போர்டு பூரா இங்கிலீஷ். நீ எந்தப் பக்கம் போவே? வீல்சேர் போட்டா ஒருத்தன் கூடவே வந்து, தள்ளிக்கிட்டுப் போயி, அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விட்டுட்டுத்தான் நகருவான். எல்லார் அம்மாவும் இப்படித்தான் போறாங்க."

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வீல்சேர் என்றால் இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குக் கொடுப்பது என்று மனதில் பதிந்துகொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடமும் அப்படியே சொன்னேன். டாக்டர் வேறு மாதிரி சொல்வாரே என்று ஒருத்தி இழுத்தாள். ஆஸ்பத்திரி வீல்சேர் வேறு, ஏர்போர்ட் வீல்சேர் வேறு என்று அடித்துச் சொன்னேன். மாமாவின் ரத்தம்.

பெரியம்மாவுக்குத் தமிழ் வாரப் பத்திரிகை படிக்கத் தெரியும், பஸ்ஸில் போட்டிருக்கும் கன்னடம் படிக்கத் தெரியும். வழி கேட்க வாயிருக்கிறது என்று கொஞ்ச நேரம் வாதாடினார். மாமா டிக்கெட்டை அவர் கையில் கொடுத்து, விமானம் மாறும் ஊரின் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். பெரியம்மா அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மாமா அடுத்ததாக நொண்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். சும்மா நடந்து வந்து உட்கார்ந்தால் எழுப்பிவிட்டுவிடுவார்கள், கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தால்தான் நம்புவார்கள் என்று சொல்லி, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தானே நொண்டிக் காட்டினார். பிரமாதமாக நொண்டினார். பெரியம்மா மசியவில்லை. "உக்காரச் சொல்றியா, உக்கார்றேன். நொண்ட மாட்டேன். காலில்லாதவங்க நாற்காலிடா அது. அதுல உக்காந்து நடிச்சா சாமி கண்ணக் குத்தும்." சொன்னால் சொன்னதுதான், பெரியம்மா அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பிரவுசிங் சென்டரில் சக்கரம் வைத்த நாற்காலிகள் இருந்தன. மேலே கூடத்தில் கட்டில் போக நாற்காலி திரும்ப இடமில்லை என்பதால் மாமா ஒன்றைச் சந்தில் இறக்கினார். இந்த முனை பெங்களூர், நடுவில் இருக்கும் அடிபம்பு விமானம் மாறும் ஊர், அந்த முனை அமெரிக்கா. அமெரிக்காவில் நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பாஸ்போர்ட் கேட்கும் அதிகாரியாக இருந்தேன்.

பெரியம்மாவுக்கு உட்காரத்தான் வரவில்லை. நாற்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்துவிடுவது போல, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார். தலையில் மூட்டையோடு யாராவது எதிரே வந்தால் குதித்து இறங்கி வழிவிட்டார். அடிபம்பு வரை வருவதற்குள் மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அதைப் பார்த்துப் பொறுக்காமல், "நீ உக்காருடா, நான் தள்றேன்" என்று மாமாவை உட்காரவைத்து, அமெரிக்கா வரைக்கும் பெரியம்மாவே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் இருவருக்கும் அனுமதி கொடுத்தேன்.

இதை மொஹல்லாவே பார்த்தது. முனையில் பூக்கட்டும் அம்மா, "ஏனாய்த்து அக்கா காலிகெ?" என்று கேட்டார், காலுக்கு என்ன ஆயிற்று என்று. பெரியம்மா காலுக்கு ஒன்றுமில்லை என்று விளக்கப் போனால் அமெரிக்கா, பிரசவம், இங்கிலீஷ் எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்து, "ஏனில்ல, சும்னே", ஒன்றுமில்லை, சும்மாதான் என்று மட்டும் சொல்லிவிட்டார். எங்கள் சந்தில் சும்னே என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டிலிருந்து வலி எண்ணெய் வந்தது. மறுநாள் ஆப்பிளும் ரொட்டிப் பாக்கெட்டும் வந்தன. பெரியம்மா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து அவற்றை வாங்கிக்கொண்டார், அப்படியும் யாரும் சந்தேகத்தை விடவில்லை. பாவம், வலியைக் காட்டிக்கொள்ள மாட்டேனென்கிறாள் என்றார்கள். அந்தப் பூக்கார அம்மாவுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாடிக்கைகள் உண்டு. செய்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயிருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் சம்பந்தியம்மா இருந்தார், மருமகனின் அம்மா. டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். என்னைப் பார்த்தால் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார் என்பதால் எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவருக்கும் ஒரே பிள்ளை. அமெரிக்கா போனவர் நாலு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை.

சம்பந்தியம்மாவின் போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம். "நீங்க மொதல்ல உங்க ஒடம்பப் பாருங்க சம்பந்தி. காலு முடியாம நீங்க அங்க போயி, பச்ச ஒடம்புக்காரியப் பாப்பீங்களா, உங்களப் பாத்துக்குவீங்களா? விசாதான் எனக்கும் இருக்கே. நான் போறேன்." குரல் பாசமாகத்தான் இருந்தது. பெரியம்மா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு என்றால், அப்புறம் டிக்கெட்டில் ஏன் வீல்சேர் என்று சம்பந்தியம்மா கேட்டார். டீச்சர் இல்லையா, மடக்கத் தெரியும். மாமா நடுவில் புகுந்து, அது காலுக்கு இல்லை, வழிக்கு என்று தன் விளக்கத்தை ஆரம்பித்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

அன்று இரவுக்குள் மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். மருமகன் மெல்ல, "அத்தை, வழிக்குன்னுதான் நாங்க வீல்சேர் போட்டோம், ஆனா ஊர்ல வேற மாதிரி சொல்றாங்களே. எங்ககிட்ட மறைக்காதீங்க" என்றார். அம்மா பேச்சைத் தட்ட முடியாமல் அவரும் தவிக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. போனை வைத்துவிட்டு, யாரும் உட்காரச் சொல்லாமலே, பெரியம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். "என் பொண்ணு பிரசவத்துக்கு நான் போகக் கூடாதாடி?" என்று அம்மாவைக் கேட்டு அழுதார். பெரியம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு சம்பந்தியம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அது ஆஷாட மாதம், நம் ஆடி மாதிரி. வருடா வருடம் அந்த மாதத்தில் பெரியம்மா சாமுண்டி மலைக்குப் படியேறிப் போவார். அந்த வருடம் மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று, கீழ்ப்படியிலிருந்து கோயில் வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். இங்கே நிறையப் பெண்கள் செய்வதுதான். ஆயிரம் படி, படிக்கு ஒரு தரம் குனிய வேண்டும். மாமாவின் கண் பளிச்சென்று விரிந்தது. சம்பந்தியம்மாவையும் கூப்பிடுவோம், கண்ணால் பார்க்கட்டும் என்றார். அவருக்கும் பேரப்பிள்ளைதானே, வராமல் இருக்க முடியாது. மாமா போட்ட கணக்குச் சரியாக இருந்தது. வருகிறேன் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் தாங்காது என்று ஞாயிற்றுக்கிழமை விடியலில் போனோம். மாமாவுக்குக் கடை திறக்க வேண்டியிருந்தது, அதனால் பெரியம்மா, சம்பந்தியம்மா, நான் மூன்று பேர்தான். பெரியம்மா கையில் மஞ்சள் கிண்ணம், சம்பந்தியம்மா கையில் குங்குமச் செப்பு. பெரியம்மா குனிந்து மஞ்சள் தடவிவிட்டு அடுத்த படிக்குப் போக, பின்னாலேயே சம்பந்தியம்மா அந்த மஞ்சளின் நடுவில் குங்குமம் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு நான் நடுவராக ஏறினேன்.

பத்துப் பதினைந்து படிகள் வரைக்கும் மஞ்சளும் குங்குமமும் சேர்ந்துதான் போயின. அப்புறம் மஞ்சள் முந்தியது. பெரியம்மா கேன்டீன் அண்டாவைக் கிளறிய அதே வேகத்தில் குனிவதும் நிமிர்வதுமாகப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் வெறும் மஞ்சள் படிகள் ஏழெட்டு இருக்கும், அதற்குக் கீழே சம்பந்தியம்மா. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சம்பந்தியம்மா அடிக்கடி நின்றார். நிற்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதோ தெரிகிறதே, அது அரண்மனையா, சர்ச்சா? சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது, அப்படியானால் நம் வீடு எந்தத் திசை? மலை ஏறும்போதுகூடப் பரீட்சை வைக்கிறாரே என்று அலுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். பதில் சொல்லி முடித்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கை பாறையைப் பிடித்திருக்கும்.

நந்தி இருக்கும் இடம் வந்தது. பாதிக்கு மேல் ஏறியாயிற்று. பெரியம்மா எந்த வருடமும் அங்கே நின்றதில்லை. நந்தியை ஒரு சுற்றுச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மேலே போய்விடுவார். சம்பந்தியம்மா வந்து சேர்ந்ததும் அங்கிருந்த கட்டைச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. குங்குமச் செப்பு மடியில் சாய்ந்து, புடவையெல்லாம் சிவப்பாகியிருந்தது. "பெரியம்மா, நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்றேன்.

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. சில்லறையைக் கையில் திணித்து, வெள்ளரிக்காய் வாங்கி வா, மிளகாய்ப்பொடி போட்டு வாங்கு, மெதுவாகவே வா என்றார். வெள்ளரிக்காய்க்காரரிடம் கூட்டமாக இருந்தது. நான் திரும்பி வந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவின் மஞ்சள் கை சம்பந்தியம்மாவின் முட்டியின் மேல் இருந்தது. என்னைக் கண்டதும் சம்பந்தியம்மா புடவையை அவசரமாகக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். இழுப்பதற்குள், முட்டியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பட்டையாக ஒரு துணி கட்டியிருந்ததைப் பார்த்தேன். மலையேறுகிறவர்கள் கட்டிக்கொள்வது போலிருக்கிறது, நம்மிடம் சொல்லாமல் தயாராகி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் சிவந்திருந்தது. குங்குமம் விழுந்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

பெரியம்மா எழுந்தார். "இந்த வருஷத்துக்கு நந்தி வரைக்கும் போதும். மிச்சப் படிய கொழந்த பொறந்து வந்து பாத்துக்கலாம்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. வேண்டுதல் என்ன ஆவது, மஞ்சள் இன்னும் மிச்சம் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் ஏறினால் நாம்தானே ஜெயிப்போம் என்று கத்தினேன். பெரியம்மா, தனக்கும் கால் வலிக்கிறது என்றார். எந்தக் கால் என்று கேட்டேன். சும்னே இரு என்றார். நந்தி வரைக்கும் தார் ரோடு வருகிறது. அங்கே நின்ற ஆட்டோவில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயித்த மேட்சை டிரா செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்றார்.

அன்றைக்குப் பெரியம்மா தானாகவே அமெரிக்காவுக்குப் போன் போடச் சொன்னார். பேசியது மருமகனிடம். "மாப்ள, தனியா வர எனக்குப் பயமா இருக்கு. அம்மாவுக்கும் டிக்கெட் போடுங்க, நாங்க ரெண்டு பேரும் சேந்தே வரோம். அப்புறம் எனக்கு மட்டும் நாற்காலின்னா ஏர்போர்ட்ல எங்களப் பிரிச்சு விட்டுடுவான். அதையும் ரெண்டாப் போட்டுடுங்க."

பெரியம்மாவுக்குப் பயம் என்பதே முதலில் பொய். ஒர்க்‌ஷாப்பில் சாராயம் குடித்துவிட்டு வந்து தகராறு செய்தவனைக் கரண்டியால் விரட்டியவர் அவர். அதுகூடப் போகட்டும், கணக்கே தப்பாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, அவங்களுக்கு எதுக்கு வீல்சேர்?" என்று கேட்டேன். பெரியம்மா என் வாயைப் பொத்தினார். விரலில் இன்னும் மஞ்சள் வாசனை போகவில்லை. மறுமுனையில் மருமகன் சிரித்துக்கொண்டே, சரி அத்தை, இரண்டாகவே போட்டுவிடுகிறேன் என்றார். அம்மா வருகிறார் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. அது அன்றே எனக்குக் கேட்டது.

புறப்படும் நாள் வாடகை வேன் பிடித்து எல்லோரும் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போனோம். வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சம்பந்தியம்மாவை ஏற்றிக்கொண்டோம். அவரை வழியனுப்ப அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள் என்று இன்னொரு வண்டி நிறைய வந்தார்கள். விமான நிலைய வாசலில் நல்ல வெயில். மாமா காவலரிடம் டிக்கெட்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் பேசி முடித்தார். யூனிஃபார்ம் போட்ட இளைஞன் ஒருவன் கூட ஒரு ஆளையும் சேர்த்துக்கொண்டு இரண்டு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். எங்கள் பிரவுசிங் சென்டர் நாற்காலி மாதிரியே இல்லை. பெரிய சக்கரம், கால் வைக்கப் பலகை, எல்லாம் பளபளவென்று இருந்தன. அதில் ஒரு சுற்று உட்கார்ந்து பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

சம்பந்தியம்மா தன் நாற்காலியின் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார். அவருடைய தம்பி சத்தமாகச் சிரித்தார். "நீ எதுக்குக்கா இதுல? நல்லாத்தானே இருக்கே? அவங்களுக்குத்தான் காலு முடியாது. நீ நடந்தே போ." பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு சந்தோஷமும் வந்தது, நான் கேட்டதையேதான் அவரும் கேட்கிறார். சம்பந்தியம்மா அந்த இளைஞனிடம் இங்கிலீஷில் மெதுவாக என்னவோ சொல்லி, நாற்காலியைக் கையால் தள்ளிவிட்டார்.

அப்போதுதான் பெரியம்மா கையிலிருந்த பையை மாமாவிடம் கொடுத்தார். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, அம்மாடி என்று ஒரு முனகல் முனகினார். பிறகு நொண்டினார். மாமா கூடத்தில் நொண்டியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வேன் நின்ற இடத்திலிருந்து நாற்காலி வரைக்கும் இழுத்து இழுத்து நடந்து வந்து, கைப்பிடியைப் பற்றி, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். நுனியில் இல்லை. முதுகு சாய்ந்து, கால் இரண்டையும் பலகையில் வைத்து, வாழ்நாளெல்லாம் அப்படியே இருந்தவர் போல. "வாங்க சம்பந்தி, நான் மட்டும் இதுல போனா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். எனக்குத் தொணையா உக்காருங்க. நம்ம வயசுக்கு இது பரவாயில்ல" என்றார். தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், அவங்களுக்காக உட்காரு என்று அவரே தன் அக்காவை உட்காரவைத்தார்.

மாமா பூரித்துப்போனார். எல்லாம் தன் டிரெய்னிங் என்று அப்பாவிடம் கண்ணைச் சிமிட்டினார். நான் மட்டும் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். பெரியம்மா பாதி தூரம் வலது காலை நொண்டியவர், மீதி தூரம் இடது காலை நொண்டினார். அதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தொடையில் கிள்ளினார். இரண்டு நாற்காலிகளும் அடுத்தடுத்துக் கண்ணாடிக் கதவுக்குள் போயின. உள்ளே போன பிறகு சம்பந்தியம்மா கையை நீட்டிப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை. பத்தியம் பெரியம்மா சமைத்தார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடியது சம்பந்தியம்மா. இரண்டு பேரும் அதே மாதிரி அடுத்தடுத்த நாற்காலியில் திரும்பி வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் சம்பந்தியம்மா இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். முட்டி தேய்ந்து போய் வருடக்கணக்காகிறது, எப்படித்தான் நடமாடினாரோ என்று டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால், இந்தக் காலோடு இவ்வளவு தூரம் வர வேண்டாம் என்று மகனே தடுத்திருப்பார். நாலு வருடமாகப் பார்க்காத மகன். செய்தி கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். பெரியம்மா மட்டும் அதிரவில்லை, அடுப்பு மேடையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

மிச்சப் படிகளுக்கு அடுத்த வருடம் பெரியம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்து முடித்தார். நானும் கூடப் போனேன். அப்போதும் எனக்கு எதுவும் விளங்கியிருக்கவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்றவர் அன்றைக்கு ஏன் நொண்டினார் என்று வழியில் கேட்டதற்கு, குத்தினால் குத்தட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் குனிந்துவிட்டார்.

விமான நிலையத்து ஆளை நம்பவைக்கத்தான் பெரியம்மா நொண்டினார் என்று மாமா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று வேனில் திரும்பும்போது நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் அந்த இளைஞன் பெரியம்மாவின் காலைப் பார்க்கவே இல்லை. டிக்கெட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வேலையில் யாரும் காலைப் பார்ப்பதில்லை. அவனை ஏமாற்ற வேண்டியவர், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்பந்தியம்மாவின் தம்பி நின்ற பக்கமாகத் திரும்பி ஏன் அப்படி நொண்டினார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.